காணி விவாதமும் கட்சிப் பணமும்: வாசகர் கேள்வி பதில்

காணிச் சட்டத் திருத்தம், கட்சிகளுக்கு வரும் பணம் ஆகிய இரண்டையும் பற்றி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: தோட்ட மக்களுக்குக் காணி உரிமை வேண்டும் என்று பாராளுமன்றத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் பேசுகிறார்கள். பேசி முடிந்ததும் ஒன்றையும் காணோம். ஒரு பேச்சு எப்போது சட்டமாகிறது?
(வாசகர், பொகவந்தலாவை)

நடந்தது எந்த வகை விவாதம் என்று முதலில் பாருங்கள். ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை, தனிநபர் பிரேரணை, வரவு செலவுத் திட்ட விவாதம் ஆகியவற்றில் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், அந்தப் பேச்சால் யாருடைய பெயருக்கும் ஒரு பேர்ச்சஸ் காணி மாறாது. தனிநபர் பிரேரணை ஏகமனதாக நிறைவேறினாலும் அது சபையின் விருப்பத்தைச் சொல்வதோடு நின்றுவிடும். வர்த்தமானியில் ‘சட்டமூலம்’ (சட்டமாக்க முன்வைக்கும் வரைவு) என்று வந்தால் மட்டுமே உட்கார்ந்து வாசியுங்கள்.

வர்த்தமானியில் வந்த சட்டமூலம் பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்படும். அது முதலாம் வாசிப்பு. இந்தக் கட்டத்தில்தான் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றம் சென்று, சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்காட முடியும். அவகாசம் நாள் கணக்கில்தான். உயர் நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இந்தக் கதவு மூடினால் பிறகு திறக்காது. சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. இந்தியாவில் சட்டம் வந்து பல வருடங்கள் கழித்தும் வழக்குப் போடலாம், இங்கே முடியாது. செய்திகளில் இந்தியத் தீர்ப்புகளைப் பார்த்துவிட்டு, ‘சட்டம் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்று இருந்துவிடுபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து இரண்டாம் வாசிப்பு. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய பேச்சுகள் இங்கேதான். அதன் பின் குழுநிலை. ஒவ்வொரு வாசகமாக எடுத்துத் திருத்தம் கொண்டுவருவது இந்த நிலையில்தான், ஆனால் கமெராக்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே திரும்பிவிடும். ‘உரித்து’ என்று இருந்த இடத்தில் ‘குடியிருக்கும் அனுமதி’ என்று ஒரு திருத்தம் போனால், இரண்டாம் வாசிப்பில் கேட்ட அத்தனை பேச்சும் வீண். மூன்றாம் வாசிப்போடு முடிந்துவிடும். ஆகவே விவாதத்தைப் பின்தொடரும் இளைஞர் மன்றங்களுக்கு எமது யோசனை: இரண்டாம் வாசிப்பை அரைக் காதால் கேட்டாலும் பரவாயில்லை, குழுநிலைத் திருத்தங்களின் பிரதியை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காணி மாகாண சபைக்குரிய விடயம் என்கிறார்கள், பிறகு மத்திய அரசுக்குரியது என்கிறார்கள். எது சரி?
(வாசகர், தலவாக்கலை)

இரண்டிலும் உண்மை இருக்கிறது. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம் காணியை மாகாணப் பட்டியலில் வைத்தது. ஆனால் பின்னிணைப்பில், அரச காணி குடியரசுக்கே உரியதாகத் தொடரும் என்றும் எழுதிவைத்தது. கொள்கை வகுக்க ஒரு தேசிய காணி ஆணைக்குழு அமைக்க வேண்டும் என்றது, அது அமைக்கப்படவில்லை.

இதனால் மலையகத்தில் நேரடியாக அடிபட்ட வழக்கு ஒன்று உண்டு. ராகலை ஸ்டாஃபோர்ட் தோட்டத்தில் குடியிருந்த ஒருவருக்குத் தோட்ட அத்தியட்சகர் வெளியேறும் அறிவித்தல் அனுப்பினார். குடியிருந்தவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றம் போனார். அந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை ஏறியது. அரச காணி மத்திய அரசின் கையில் இருப்பதால் மாகாண மேல் நீதிமன்றம் இதில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவைத் தடுக்கும் நீதிமன்றக் கட்டளை) வழங்க முடியாது என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு என்னவென்றால், இப்படியோர் அறிவித்தலை எழுத்தாணை கேட்டு எதிர்க்க ஒரு தொழிலாளி கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போக வேண்டும். அதிகாரப் பகிர்வு விவாதம் என்றால் ஏதோ பெரிய இடத்து விஷயம் என்று ஒதுங்கிவிட முடியாது. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போவதா, கொழும்புக்குப் போவதா, வக்கீலுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

சட்டமூலங்களிலும் இந்தச் சிக்கல் வரும். மாகாணப் பட்டியலில் உள்ள விடயத்தில் சட்டமூலம் கொண்டுவந்தால் எல்லா மாகாண சபைகளின் அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு சபை உடன்படாவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை, அதாவது 225 பேரில் 150 பேர் வேண்டும். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல், ஊவாவுக்கு 2014இல். இரண்டும் கலைந்த பின் பல வருடங்களாக ஆளுநர்தான் நிர்வாகம் நடத்தினார். 2012இல் திவிநெகும சட்டமூலம் தொடர்பான தீர்மானத்தில், சபை இல்லாத மாகாணத்தில் ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே மாகாண சபைத் தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் காணிச் சட்டச் சீர்திருத்தத்தின் பாதையையும் கடினமாக்குகிறது. காணி கேட்பவர்கள் மாகாண சபைத் தேர்தலையும் சேர்த்தே கேட்பது நல்லது.

கேள்வி: எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் இருக்கிறது. பத்து வருடம் இருந்தாலே காணி சொந்தமாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். வழக்குப் போடலாமா?
(வாசகி, மஸ்கெலியா)

போடாதீர்கள். பத்து வருட ஆட்சி உரித்து என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் வருவது. அது தனியார் காணிக்குத்தான் பொருந்தும், அரசுக்கு எதிராகச் செல்லாது. தோட்டக் காணி அரசுடையது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் (வயல் என்றால் 25 ஏக்கர்) என்று உச்சவரம்பு வைத்து மிகுதியைக் காணி சீர்திருத்த ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டது. அவை பின்னர் பெரும்பாலும் ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் கைமாறின. 1992இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வாகத்துக்கு வந்தன, பிறகு 2045 வரையான குத்தகை கொடுக்கப்பட்டது. கம்பனியும் குத்தகைக்காரர்தான், உரிமையாளர் அல்ல.

இன்னும் முக்கியமானது, வழக்குப் போடப் போய் எதிர்த்தரப்பின் கண்ணில் படுவது ஆபத்தாகலாம். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டப்படி வெளியேறும் அறிவித்தல் வந்து, குறித்த தவணையில் போகாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றம் போகும். அங்கே ஒரே ஒரு எதிர்வாதம்தான் எடுபடும்: அரசு எழுத்தில் தந்த செல்லுபடியான அனுமதி கையில் இருக்க வேண்டும். ‘என் பாட்டி இங்கேதான் பிறந்தார்’ என்பதை நீதவான் கேட்கலாம், அதை வைத்து உங்களைக் காப்பாற்றச் சட்டம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. இது கொடுமையான சட்டம் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. காணிச் சட்டத் திருத்தம் பேசும் எம்.பி.க்கள் புதிய காணி உறுதி (உரிமைப் பத்திரம்) பற்றி மட்டும் பேசாமல், பரம்பரையாகத் தோட்டத்தில் குடியிருப்போரை இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க ஒரு வாசகம் சேர்க்கவும் கேட்க வேண்டும். எழுத்தில் இரண்டே வரிதான்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: குடியிருப்பைக் காட்டும் தாள்களைத் திரட்டி வையுங்கள். வாக்காளர் இடாப்பில் லய இலக்கத்தோடு வந்த பதிவுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மின்சாரப் பட்டியல், தோட்ட நிர்வாகம் லயக் காம்பரா ஒதுக்கித் தந்த கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். இவை உரித்தைத் தராது. ஆனால் வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியல் எழுதும் நாளில் பெயர் விடுபடாமல் காக்கும்.

கேள்வி: 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ், 20 பேர்ச்சஸ் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எது போதும்? கையில் ஒரு தாள் தந்தால் அது உறுதியா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், ஹப்புத்தளை. இதே கேள்வியைப் பண்டாரவளை, கொட்டகலை வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள்)

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி, 160 பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,905 சதுர அடி, 10 பேர்ச்சஸ் என்றால் 2,722. இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. சமதரையில் 7 பேர்ச்சஸில் அந்த வீடு கட்டினால் 1,350 சதுர அடி மிஞ்சும், போதும் போலத் தெரியும். ஆனால் மலைச்சரிவில் அந்தக் கணக்கு நிற்காது. நில அளவையாளர் அளப்பது கிடைமட்ட அளவு. சரிவை வெட்டி மேடை அமைத்தால் பின்பக்கம் மண் சுவர் உயரும். அந்தச் சுவருக்கும் வீட்டுக்கும் இடையில் மழைநீர் ஓட வாய்க்காலும் இடைவெளியும் வேண்டும். முன்பக்கம் கொட்டிய மண் இறுகியிருக்காது, அதன்மேல் சுவர் எழுப்பினால் வெடிக்கும். மலசலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி, படிக்கட்டு எல்லாம் போனால் கோழிக்கூட்டுக்கும் நாலு பாத்தி கீரைக்கும் இடம் தேட வேண்டும். நாளைக்கு மகனுக்கு ஓர் அறை சேர்க்க முடியாது. எமது கணிப்பில், சரிவு நிலத்தில் 10 பேர்ச்சஸுக்குக் குறைவாகக் கொடுப்பது லயத்தைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான். வாழ்வாதாரக் காணி வேண்டும் என்ற கோரிக்கை இதற்கு மேலேயுள்ள தனிக் கோரிக்கை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால்தான் ‘10 பேர்ச்சஸ் தந்தாயிற்றே’ என்று விவாதத்தை முடித்துவிடுகிறார்கள்.

தாளைச் சோதிப்பது பற்றி. மேடையில் கையில் கொடுப்பது பல நேரம் சான்றிதழாகவோ, பயனாளியாகத் தெரிவானதை அறிவிக்கும் கடிதமாகவோ இருக்கும். வர்ணத்தையும் அரச இலச்சினையையும் பார்த்து உறுதி என்று முடிவுசெய்யாதீர்கள். உள்ளே நில அளவைப் பட இலக்கமும் துண்டு இலக்கமும் இருக்க வேண்டும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். கொடுப்பவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கிறார் என்று இருக்க வேண்டும். கடைசியாக, காணிப் பதிவகத்தில் பதிந்த தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும். இந்தக் கடைசி இரண்டும் இல்லாத தாளை வங்கி எடுக்காது, விற்கவோ பிள்ளைக்கு எழுதவோ முடியாது. சந்தேகம் இருந்தால் மாவட்டக் காணிப் பதிவகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தின் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் பெயர் அங்கே இருந்தால் உறுதி பதிவாகிவிட்டது. இல்லையென்றால் யார் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தாலும் வேலை இன்னும் பாக்கி.

ஏன் பாக்கியாகிறது? வரிசை தப்புவதால். முதலில் அந்த நிலத்துண்டைக் கம்பனி குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் பார்த்து அறிக்கை தர வேண்டும். பிறகு அளவை, துண்டு பிரிப்பு, பாதைக்கு இடம் ஒதுக்குதல். அதன் பின் உறுதி, கடைசியாகப் பதிவு. தேர்தல் நெருங்கும்போது வீடு முதலில் எழும்பிவிடும், குத்தகை விடுவிப்பும் அளவையும் பின்னால் தள்ளப்படும். வீட்டுக்குள் குடிபோன பிறகு அதிகாரிகளுக்கு அவசரமில்லை. அளவை முடியாத தோட்டங்களில் இருப்பவர்கள் உறுதி எப்போது என்று கேட்பதைவிட, ‘அளவைக் கட்டளை எந்தத் திகதியில் போனது?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

கேள்வி: வீடு கணவர் பெயரில் மட்டும் வரும் என்கிறார்கள். சட்டத்தில் அப்படி இருக்கிறதா?
(வாசகி, பூண்டுலோயா)

இல்லை. பயனாளிப் படிவத்தை நிரப்புகிறவர் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் ஆணின் பெயரை எழுதிவிடுவதால் வரும் பழக்கம் அது. படிவம் நிரப்பும்போதே இருவர் பெயரிலும் கூட்டு உரித்தாக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உறுதி எழுதி முடிந்த பிறகு மாற்றுவது பெரிய செலவு.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மூத்த மகனுக்கு முன்னுரிமை இருந்தது உண்மை. 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. ஆனால் அது குடியேற்றத் திட்ட அனுமதிப்பத்திரங்களுக்கும் அளிப்புப் பத்திரங்களுக்கும் உரிய சட்டம். உங்கள் தாளில் அந்தச் சட்டத்தின் பெயர் இருந்தால் மட்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: தேர்தலில் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். யார் கொடுத்த பணம் என்று சாதாரண வாக்காளர் பார்க்க முடியுமா?
(வாசகர், ஹட்டன்)

இப்போது முடியும், ஓரளவுக்கு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வேட்பாளரும் கிடைத்த பணத்தையும் செலவையும் எழுதி, முடிவு வெளியான 21 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். உச்சவரம்பை ஒவ்வொரு தேர்தலுக்கும் தேர்தல் ஆணைக்குழு அறிவிக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. பதிவான வாக்காளர் 17,140,354 பேர், ஆக ஒரு வேட்பாளருக்கு 1,868,298,586 ரூபா. அதே வருடம் நவம்பர் 14 பொதுத் தேர்தலின் முடிவுகள் 15ஆம் திகதி வந்தன, விபரத்திரட்டு ஒப்படைக்கக் கடைசி நாள் டிசெம்பர் 6.

அரச நிறுவனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள், பெயர் தெரியாதவர்கள் ஆகியோரிடமிருந்து வேட்பாளரோ கட்சியோ தேர்தலுக்குப் பணம் வாங்கக் கூடாது. விபரத்திரட்டை எடுத்தால் முதலில் இந்த நாலு வகையும் மறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். முழுத் தொகையும் வேட்பாளரின் ‘சொந்தப் பணம்’ என்று எழுதியிருந்தால், அவருடைய சொத்து விபரத்தோடு ஒப்பிடுங்கள். 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் பாராளுமன்ற உறுப்பினர்கள் சொத்து, பொறுப்பு விபரத்தை வருடந்தோறும் கொடுக்கிறார்கள். அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் வருகிறது. சேமிப்பாக இருபது இலட்சம் காட்டிய ஒருவர் பிரசாரத்துக்குச் சொந்தப் பணம் எண்பது இலட்சம் என்று எழுதியிருந்தால் கேள்வி தானாக எழும்.

எமது மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல். நுவரெலியாவில் எட்டு ஆசனம், ஒரு பட்டியலில் பதினொரு பேர், வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்கு. இதனால் ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே போட்டி போட்டுச் செலவழிக்கிறார்கள். கட்சி தலைமையகத்தின் கணக்கு சுத்தமாக இருக்கும், வேட்பாளரின் கணக்கில்தான் இடைவெளி இருக்கும்.

அந்த இடைவெளியைப் பிடிக்க வேண்டுமென்றால் தேர்தல் முடிந்த பிறகு தொடங்கினால் தாமதம். வேட்புமனு நாளிலிருந்து ஒரு கொப்பி போடுங்கள். எந்தத் தோட்டத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம், மேடை எத்தனை அடி, ஒலிபெருக்கி யாருடையது, ஆட்களை ஏற்றி வந்த லொறி, பஸ் எத்தனை, சாப்பாட்டுப் பொதி எத்தனை, பதாகை எங்கே எங்கே. திகதியோடு படம் எடுங்கள். உள்ளூர் வாடகை விலை உங்களுக்கே தெரியும். 21 நாள் கழிந்ததும் நுவரெலியா கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகம்) மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் அந்த வேட்பாளரின் விபரத்திரட்டைப் பார்வையிட விண்ணப்பித்து, கொப்பியோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். நண்பர் ஒருவர் லொறியை இலவசமாகத் தந்தார் என்றால் அதையும் உதவியாகக் காட்டுவதுதான் முறை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் படங்களோடு தேர்தல் ஆணைக்குழுவுக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் கொடுங்கள். விபரத்திரட்டு ஒப்படைக்காமல் விடுவதும் பொய்யாகக் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டத்தின் பெரிய ஓட்டை, அது தேர்தல் காலச் செலவை மட்டும் பார்ப்பது. இரண்டு தேர்தலுக்கு இடையில், காணிச் சட்டமூலம் சபையில் கிடக்கும் மாதங்களில், கட்சிக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பெயரோடு வெளியிட வைக்கும் விதி இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் கணக்காய்வு செய்த வருடாந்தக் கணக்கைத் தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கின்றன, அதோடு சரி. காணி யாருக்குப் போகும் என்று முடிவெடுக்கும் காலமும் நன்கொடையாளர் பெயர் மறைந்திருக்கும் காலமும் ஒன்றாகவே இருப்பதைத்தான் நாம் முதலில் மாற்றக் கேட்க வேண்டும்.

கேள்வி: மாதாமாதம் சம்பளத்தில் தொழிற்சங்கச் சந்தா வெட்டுகிறார்கள். அந்தச் சங்கமே கட்சியாகவும் தேர்தலில் நிற்கிறது. என் சந்தா தேர்தலுக்குப் போகிறதா?
(வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டுள்ளார், அக்கரப்பத்தனை)

கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு தங்கையே. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் சங்கப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று எழுதியிருக்கிறது: நிர்வாகம், வழக்கு, தொழில் பிணக்கு, அங்கத்தவர் நலன் போன்றவை. அரசியல் வேலைக்கு வேண்டுமானால் சங்கம் தனி நிதியம் அமைத்து, அதற்கென்று தனியாகப் பணம் சேர்க்க வேண்டும். அந்த நிதிக்குக் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

சம்பளத் துண்டை எடுத்து, சந்தா என்று எவ்வளவு, ஒரே வெட்டா இரண்டு வெட்டா என்று பாருங்கள். பிறகு தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாய்ப் பேச்சாக அல்லாமல், மாவட்டக் காரியாலயத்துக்குக் கடிதமாக எழுதுங்கள்: அரசியல் நிதியம் உண்டா, என் சந்தாவிலிருந்து அதற்கு ஏதும் போகிறதா, கடைசி வருடத்துக் கணக்கறிக்கையை எங்கே பார்வையிடலாம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்வையிட அங்கத்தவருக்கு உரிமை உண்டு. சங்கங்கள் வருடாந்தக் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும், அந்த அலுவலகம் தொழில் திணைக்களத்தில் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தனி ஆள் மேல் கோபம் வராது. சந்தாவை நிறுத்தவோ வேறு சங்கம் மாறவோ விரும்பினால், வெட்டுவதற்கு முன்பு கொடுத்த சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெற்று, பிரதியில் தோட்டக் காரியாலயத்தின் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாவிட்டால் அடுத்த மாதமும் வெட்டிவிட்டு, கடிதம் கிடைக்கவில்லை என்பார்கள்.

மலையகத்தில் சங்கமும் கட்சியும் ஒன்றாக வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1948இல் குடியுரிமையும் அதையடுத்து வாக்குரிமையும் பறிபோன மக்களுக்குப் பேச இருந்த ஒரே வாய் தொழிற்சங்கம். அந்த வரலாற்றை மதிக்கிறோம். அதை மதிப்பவர்கள்தான் இரண்டு பணப்பெட்டியையும் பிரித்து வைக்கக் கேட்க வேண்டும்.

கேள்வி: தோட்டக் கம்பனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கின்றனவா என்று அறிய வழி உண்டா?
(வாசகர், புசல்லாவை)

பாதி வழி உண்டு. 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 168ஆம் பிரிவுப்படி வருடாந்த அறிக்கையில் அந்த வருடம் கொடுத்த நன்கொடையின் மொத்தத் தொகை இருக்க வேண்டும். யாருக்கு என்று பெயர் போட வேண்டியதில்லை. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிந்த பெருந்தோட்டக் கம்பனிகளின் அறிக்கைகள் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பணிப்பாளர் சபை அறிக்கைப் பகுதியில் ‘நன்கொடை’ என்ற வரியைத் தேடுங்கள். தேர்தல் வருடத்தில் தொகை ஏறியிருக்கிறதா என்று மூன்று நான்கு வருடத்து அறிக்கைகளை அடுக்கிப் பாருங்கள்.

அதே அறிக்கையில் ‘பொன் பங்கு’ என்ற பகுதியையும் வாசியுங்கள். திறைசேரிச் செயலாளர் பெயரில் இருக்கும் ஒரு பங்கு அது. குத்தகைக்கு எடுத்த தோட்டக் காணியைக் கம்பனி உபகுத்தகைக்கு விடுவதென்றால் அந்தப் பங்குதாரரின் இணக்கம் வேண்டும். இரண்டு வார எழுத்து அறிவித்தல் கொடுத்துக் கணக்குப் புத்தகங்களையும் அவர் பார்க்கலாம். ஆகவே தேயிலைக் காணியில் ஹோட்டலோ வேறு திட்டமோ வருகிறது என்றால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அரசாங்கம் சொல்ல இடமில்லை. அந்த இணக்கக் கடிதத்தைத் தகவல் அறியும் சட்டத்தில் திறைசேரியிடமே கேட்கலாம்.

கேள்வி: தகவல் அறியும் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது? போன முறை எழுதியதற்கு ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரி வந்தது.
(வாசகர், பதுளை)

கேள்வியை விளக்கமாக எழுதினால் அப்படித்தான் வரும். ‘எங்கள் தோட்டத்துக்கு ஏன் காணி தரவில்லை?’ என்பது விளக்கம் கேட்பது. 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் பெற்றுத் தரும். இப்படி எழுதுங்கள்:

“இன்ன தோட்டம், இன்ன டிவிஷனில் வீடமைப்புக்காகக் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்ட காணியின் பரப்பு, விடுவிப்புக் கடிதத்தின் பிரதி, நில அளவைப் பட இலக்கம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அறிக்கையின் பிரதி, பயனாளிப் பட்டியலில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கை, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தரவும்.”

தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரே கடிதத்தைக் காணி சீர்திருத்த ஆணைக்குழு, ஜனவசம அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், பிரதேச செயலகம் ஆகிய மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஓரிடம் கைவிரித்தால் அடுத்த இடத்தில் கிடைக்கும். தகவல் அலுவலர் 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பலர் முதல் படியிலேயே விட்டுவிடுகிறார்கள். ‘தகவல் இல்லை’ என்ற ஒரு வரிக் கடிதமும் உங்களுக்கு ஆயுதம்தான். குத்தகை விடுவிப்புக் கடிதம் எங்கேயுமே இல்லை என்று மூன்று நிறுவனமும் எழுதித் தந்தால், மேடையில் தந்த தாளின் பின்னால் காணி இல்லை என்று எழுத்திலேயே நிரூபணமாகிவிடும்.

கேள்வி: 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் லயத்தை அபாயம் என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றுக் காணி சட்டப்படி கிடைக்குமா?
(வாசகி, வலப்பனை)

அபாய அறிவிப்பு மட்டும் காணி உரித்தைத் தராது. மீள்குடியேற்றப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவன அறிக்கையின் பிரதியை நீங்களும் வைத்திருங்கள். தரப்போகும் புதிய இடத்துக்கும் அதே நிறுவனத்தின் அறிக்கை உண்டா என்று கேட்காமல் வீட்டுச் சாமானை ஏற்ற வேண்டாம். தற்காலிக இடம் தரும் கடிதத்தில் பழைய வீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தால், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: சட்டமூலம் வரும்போது எங்கள் கருத்தைப் பாராளுமன்றத்துக்கே அனுப்ப முடியுமா? எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் வாக்களித்தார் என்றும் எப்படி அறிவது?
(இளைஞர் மன்றம், கந்தப்பளை)

இரண்டும் முடியும். பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்டில் யார் என்ன பேசினார்கள் என்பது பேசிய மொழியிலேயே இருக்கும், பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். பிரிவு கேட்டு, அதாவது ஒவ்வொருவர் பெயரும் பதியும்படி கேட்டு, வாக்கெடுப்பு நடந்திருந்தால் ஆம், இல்லை, வரவில்லை என்று பட்டியலும் வரும். குரல் வாக்கில் நிறைவேறியிருந்தால் பெயர்கள் இருக்காது. ஆகவே காணி தொடர்பான வாக்கெடுப்பில் பிரிவு கேட்கும்படி உங்கள் எம்.பி.யிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கருத்து அனுப்ப, சட்டமூலம் சம்பந்தப்பட்ட துறைசார் மேற்பார்வைக் குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். முழுச் சட்டமூலத்தையும் விமர்சிக்காமல், எந்த வாசகம், எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லை வைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். உங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரிய குறை என்றால் அது பொதுமனுக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே நேரடியாக அனுப்ப முடியாது, ஓர் எம்.பி.தான் சமர்ப்பிக்க வேண்டும். மனுவை அவரிடம் கொடுக்கும் நாளில் இரண்டாவது பிரதியில் அவருடைய காரியாலயத்தின் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். ஒரு மாதம் போனதும் மனு சபையில் சமர்ப்பிக்கப்பட்ட திகதியை அவரிடம் கேளுங்கள், அன்றைய ஹன்சார்டில் ‘மனுக்கள்’ என்ற தலைப்பின் கீழ் அது இருக்க வேண்டும்.